பொட்டி நம்மளது, சாவி யாருது?

முன்குறிப்பு: ஓசி கீ, க்ராக், ஆக்டிவேட்டர் வகையறாக்களைத் தேடி இந்தப் பக்கம் வந்தவங்க அப்படியே ரிவர்ஸ் கியர் போட்டுடலாம். இது காசு கொடுத்து வாங்கினவனோட புலம்பல். :-)

விண்டோஸ்ல செட்டிங்ஸ் திறந்து ஆக்டிவேஷன் பக்கம் போய்ப் பாருங்க. 'பிராடக்ட் கீயை மாற்று'ன்னு ஒரு பட்டன் இருக்கும். சரி, போட்ட கீயை எடுக்கணும்னா? அதுக்குப் பட்டன் கிடையாது. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குறப்ப வாசல்ல வந்து நின்னு வரவேற்கிற ஹவுஸ் ஓனர், காலி பண்ணும்போது ஊர்ல இருக்க மாட்டார் பாருங்க, அந்தக் கதைதான். கீ போடுறது அவங்க தேவை, அதனால நடுக்கூடத்துல வெச்சிருக்காங்க. கீயைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போறது நம்ம தேவை, அதனால கொல்லைப்புறத்துல எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொட்டிகளை விக்கறதும், சொந்தக்காரப் பசங்களுக்குக் கொடுக்கறதும், பேரீச்சம்பழத்துக்குப் போடறதும் ஊரெல்லாம் நடக்குது. போட்டோவை அழிக்கணும், பேங்க் பாஸ்வேர்டை அழிக்கணும்னு எல்லாருக்கும் தெரியுது. அந்தப் பொட்டிக்குள்ள நாம காசு போட்டு வாங்கின சாவியும் உட்கார்ந்திருக்கேன்னு யோசிக்கிற ஆளைக் காணோம்.

கொஞ்சம் பழைய கதை. விண்டோஸ் 95 காலத்துச் சாவி சும்மா பத்து இலக்கம். முன்னாடி மூணு, ஒரு கோடு, பின்னாடி ஏழு. பின்னாடி இருக்கிற ஏழு எண்ணையும் கூட்டினா ஏழால வகுபடணும், அவ்வளவுதான் பரிசோதனை. ஏழு ஒண்ணைப் போட்டாலே கூட்டுத்தொகை ஏழு வந்துடுமே! கடைசி வரைக்கும் ஒண்ணா அடிச்சே உள்ளே போனவங்க உண்டு. அது சாவியே இல்ல, வாசல்ல தொங்குற ஸ்கிரீன் துணி. ஆனா ஒரு நல்ல விஷயம், அந்தச் சாவி யாரையும் கேட்காது. டிஸ்க் கையில இருக்கா, எண் பேப்பர்ல இருக்கா, பத்து வருஷம் கழிச்சுப் போட்டாலும் வேலை செய்யும்.

2001 அக்டோபர் 25ல எக்ஸ்பி வந்துச்சு. கூடவே ஆக்டிவேஷன்னு ஒரு புது வழக்கமும் வந்துச்சு. 25 எழுத்துச் சாவியைப் போட்டா மட்டும் போதாது, 30 நாளுக்குள்ள நெட்டிலோ போனிலோ கம்பெனிக்குச் சொல்லி ஆசி வாங்கணும். வேடிக்கை என்னன்னா, எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பெரிய நிறுவனங்களுக்கான ஒரு சாவி வெளியே கசிஞ்சிடுச்சு. அதுக்கு ஆக்டிவேஷனே தேவையில்ல. 'எஃப்சிகேஜிடபிள்யூ'ன்னு ஆரம்பிக்கும், அந்தக் காலத்துல பொட்டி நோண்டினவங்களுக்கு மீதி இருபது எழுத்தும் மனப்பாடமா இருக்கும். மார்க்கர் பேனாவால சிடி மேலயே எழுதி வெச்சிருப்பாங்க. 2002ல வந்த சர்வீஸ் பேக் 1 அந்தச் சாவியைத் தள்ளி வெச்சது.

அந்த 25 எழுத்தைப் பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். அதுல 24 குறிகள்தான் வரும். ஆங்கில உயிரெழுத்து ஒண்ணுகூடக் கிடையாது. பூஜ்யம் கிடையாது, ஒண்ணு கிடையாது, அஞ்சு கிடையாது, எஸ் கிடையாது, எல் கிடையாது. ஒண்ணை இன்னொண்ணா படிச்சுக் குழம்பக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்திருக்காங்க. இவ்வளவு யோசிச்ச புண்ணியவான்கள் 'பி'யையும் 8ஐயும் ரெண்டையுமே விட்டு வெச்சிருக்காங்க! 'ஜி'யையும் 6ஐயும் கூட! லேப்டாப்பை மல்லாக்கப் படுக்கப் போட்டு, டார்ச் அடிச்சு, பாதி தேஞ்சுபோன ஸ்டிக்கர்ல இது 'பி'யா எட்டான்னு பார்த்தவங்களுக்குத் தெரியும் அந்த வலி. அந்த ஸ்டிக்கரை ஒட்டின இடம்தான் இன்னும் அருமை. தொடை மேல வெச்சுத் தேய்க்கிற, சூடு ஏறுற அடிப்பாகம். விண்டோஸ் 7 காலம் வரைக்கும் இதே கூத்துதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாவி பொட்டிக்குள்ள எங்கே இருக்கு?

எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துல ரெஜிஸ்ட்ரியில 'டிஜிட்டல் பிராடக்ட் ஐடி'ன்னு ஒரு இடத்துல குழப்பி எழுதி வெச்சிருப்பாங்க. குழப்பிதான், பூட்டி இல்ல. அதை நேராக்கி 25 எழுத்தா காட்டுறதுக்குன்னே 'புரொடியூகீ', 'மேஜிக்கல் ஜெல்லி பீன்' மாதிரி குட்டி மென்பொருள்கள் உண்டு. ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதை ஓட்டிச் சாவியைக் குறிச்சு வெச்சுக்கிட்டா பிழைச்சோம். நமக்கு உதவுற இதே வழி திருடனுக்கும் உதவும்ங்கறதுதான் சிக்கல். உங்க பொட்டியில நுழையற எந்தத் திருட்டு நிரலும் அதே இடத்தைப் படிக்கலாம். அதனாலேயே விண்டோஸ்ல 'எஸ்எல்எம்ஜிஆர்'னு ஒரு கட்டளை வெச்சிருக்காங்க. அதோட சாய்கோடு போட்டு 'சிபிகேஒய்'னு அடிச்சா ரெஜிஸ்ட்ரியில இருக்கிற சாவியைத் துடைச்சிடும், ஆக்டிவேஷன் அப்படியே இருக்கும். 'யூபிகே'ன்னு அடிச்சா சாவியையே கழட்டிடும், அடுத்த ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் விண்டோஸ் லைசென்ஸ் இல்லாத அனாதை. 'ஐபிகே'ன்னு அடிச்சுப் பக்கத்துல 25 எழுத்தைக் கொடுத்தா புதுச் சாவி ஏறும். 'ஏடிஓ' அடிச்சா ஆக்டிவேட் ஆகும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துல, அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்த கறுப்புத் திரையில அடிக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

இந்த ரெண்டு நிமிஷ வேலையை ஒரு பட்டன் ஆக்க இத்தனை வருஷத்துல நேரம் கிடைக்கலையாம். நம்பிட்டோம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. 'யூபிகே' அடிச்சுச் சாவியைக் கழட்டினோம்னு வைங்க. நம்ம பொட்டிக்குத் தெரியும் கழட்டினது. கம்பெனியோட சர்வருக்குத் தெரியாது! அங்கே போய் 'இந்தாப்பா, நான் இந்தப் பொட்டியிலேர்ந்து எடுத்துட்டேன், கணக்குல கழிச்சுக்கோ'ன்னு யாரும் சொல்றதில்ல. கடையில தனியா டப்பாவா வாங்கின ரீடெயில் லைசென்ஸை வேற பொட்டிக்கு மாத்திக்க உரிமை உண்டுன்னு அவங்க ஒப்பந்தமே சொல்லுது. உரிமை காகிதத்துல இருக்கு, நடைமுறையில புதுப் பொட்டியில சாவியைப் போட்டா 'இது ஏற்கெனவே இன்னொரு இடத்துல இருக்கே'ன்னு சந்தேகப் பார்வை பார்க்க வாய்ப்பு உண்டு. அப்புறம் ட்ரபிள்ஷூட்டர், அப்புறம் கஸ்டமர் கேர்.

செய்ய முடியாத காரியமா இது? நம்ம ஊர்க் கடைக் கணக்குப்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிஞ்ச டாலியை எடுத்துக்கோங்க. முன்னாடி டாங்கிள்னு ஒரு குட்டிப் பூட்டைப் பொட்டிக்குப் பின்னால சொருகணும். அப்புறம் டாலி ஈஆர்பி 9 வந்த பிறகு மெனுவிலேயே 'சரண்டர் லைசென்ஸ்'னு ஒரு வரி வந்துச்சு. பழைய பொட்டியில அதை அமுக்கினா லைசென்ஸ் கம்பெனி சர்வருக்குத் திரும்பிப் போயிடும். புதுப் பொட்டியில போய் ஆக்டிவேட் பண்ணிக்கலாம். காலையில பழைய கம்ப்யூட்டர்ல பில் போட்டவர் சாயங்காலம் புதுசுல போடலாம். பெங்களூரு கம்பெனிக்குத் தோணின இந்த எளிய விஷயம், உலகத்துலேயே பெரிய மென்பொருள் கம்பெனிக்கு ஏன் தோணலைன்னுதான் என் கேள்வி. அடோபியும் இந்த விஷயத்துல பரவாயில்ல. போட்டோஷாப்ல 'டீஆக்டிவேட்'னு ஒண்ணு அந்தக் காலத்துலேர்ந்தே உண்டு. ஃபார்மேட்டுக்கு முன்னாடி அதை அமுக்கணும்னு ஸ்டூடியோக்காரங்களுக்கு நல்லா தெரியும். ஹார்ட் டிஸ்க் சொல்லாம கொள்ளாம செத்துப்போனா மட்டும்தான் பாடு.

இப்ப எங்க தெருவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன், 2019ல. எதிர் வீட்டுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வெளியூர்ல இருக்கிற பொண்ணு வாங்கிக் கொடுத்த லேப்டாப் வெச்சிருந்தார். விண்டோஸ் 10, ஹோம் சிங்கிள் லாங்வேஜ், காசு கொடுத்து வாங்கின லேப்டாப்போடவே வந்தது. ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு ஒரு கடையில கொடுத்தார். ஐநூறு ரூபா வாங்கிக்கிட்டு ஃபார்மேட் அடிச்சுக் கொடுத்தாங்க. 'சார், உங்களுக்கு ப்ரோ வெர்ஷனே போட்டுட்டேன்'னு பெருமையா வேற சொன்னாங்களாம். ஆறு ஏழு மாசம் கழிச்சுத் திரையில 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்'னு வந்து நிக்குது.

என்ன நடந்திருக்குன்னு பார்த்தா, 'எஸ்எல்எம்ஜிஆர்' கட்டளையோட 'டிஎல்வி' அடிச்சவுடனே தெரிஞ்சுபோச்சு. லைசென்ஸ் வகைன்னு வர்ற இடத்துல 'கேஎம்எஸ் க்ளையண்ட்'னு இருக்கு. கேஎம்எஸ்ங்கறது பெரிய ஆபீசுங்களுக்கான ஏற்பாடு. ஆபீசுக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், மத்தக் கம்ப்யூட்டர்கள் அதுகிட்ட ஆசி வாங்கும், அந்த ஆசி 180 நாளைக்குச் செல்லும், நடுவுல அப்பப்ப புதுப்பிச்சுக்கும். ஹெட்மாஸ்டர் வீட்டுல ஏதுங்க ஆபீஸ் சர்வர்? கடைக்காரத் தம்பி போலி சர்வர் மாதிரி நடிக்கிற ஒரு திருட்டு நிரலை உள்ளே வெச்சுட்டார். பின்னாடி ஆன்ட்டிவைரஸ் அதைப் புடிச்சு அழிச்சிடுச்சு, 180 நாள் முடிஞ்சதும் குட்டு வெளிப்பட்டுச்சு. முறையா காசு கட்டி வாங்கின மனுஷனை ஐநூறு ரூபா வாங்கிக்கிட்டுத் திருட்டு மென்பொருள்காரரா மாத்தி அனுப்பியிருக்காங்க!

"தம்பி, நான் காசு குடுத்துதானே வாங்கினேன்? பில்லுகூட இருக்கே"ன்னார். அந்தக் குரலை இன்னும் மறக்கலை. நாப்பது வருஷம் பசங்களைக் காப்பி அடிக்காதேன்னு சொன்ன மனுஷன்.

"சார், உங்க சாவி எங்கேயும் போகலை. பத்திரமா உள்ளேதான் இருக்கு"ன்னு சொன்னேன்.

"அப்ப அவன் எதை அழிச்சான்?"

நியாயமான கேள்வி. விண்டோஸ் 8 காலத்துலேர்ந்து, அதாவது 2012லேர்ந்து, கம்பெனி லேப்டாப்கள்ல சாவியை மதர்போர்டு ஃபர்ம்வேர்லேயே எழுதிடறாங்க. ஸ்டிக்கர்ல 25 எழுத்து போடறது நின்னுபோனது அதனாலதான். ஹார்ட் டிஸ்க்கை எத்தனை தடவை துடைச்சாலும் அது போகாது. அதே பதிப்பை, அவர் விஷயத்துல ஹோம் சிங்கிள் லாங்வேஜை, மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்து எடுத்துப் பென் டிரைவ்ல போட்டு நிறுவினா, நிறுவும் நிரல் தானே அந்தச் சாவியைப் படிச்சுக்கும், கேள்வியே கேட்காது. நெட் கனெக்‌ஷன் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆயிடும். அப்படித்தான் ஆச்சு. டேட்டாவைக் காப்பி எடுத்த நேரத்தையும் சேர்த்து ஒரு மதியப் பொழுது. அந்தக் கடைக்காரத் தம்பிக்கும் இதே நேரம்தான் ஆகியிருக்கும். நேர்மையான வழி, திருட்டு வழியைவிடச் சுலபமா இருந்தும் திருட்டு வழியிலேயே கை போகுது பாருங்க, அது எக்ஸ்பி சிடி காலத்துப் பழக்கம். கையில இருக்கிற ஒரே பென் டிரைவ், எல்லாப் பொட்டிக்கும் அதே மருந்து.

இதுல தொழில்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. தன்கிட்ட சாவி இருக்குங்கறதே வாங்கினவனுக்குத் தெரியாதபடி வெச்சிருக்காங்களே, அதுக்கு யார் பொறுப்பு? ஃபர்ம்வேர்ல இருக்கிற சாவியைப் பார்க்கணும்னா பவர்ஷெல் திறந்து ஒரு முழ நீளக் கட்டளை அடிக்கணும். இன்னொரு கூத்து, டிஜிட்டல் லைசென்ஸ்னு வந்ததுக்கு அப்புறம் கீ ஃபைண்டர் காட்டுற சாவியே உங்க சாவியா இருக்கணும்னு இல்ல. விண்டோஸ் 7லேர்ந்து இலவசமா பத்துக்கு ஏறினவங்க எல்லாருக்கும், ப்ரோ பதிப்புன்னா '3வி66டி'ன்னு முடியற ஒரே பொதுச் சாவிதான் காட்டும். அது வெறும் இடம்பிடிச்சு வைக்கிற துண்டு. பஸ் சீட்ல கர்ச்சீப் போடற மாதிரி. உண்மையான அனுமதி உங்க பொட்டியோட வன்பொருள் அடையாளத்துக்கு எதிரா அவங்க சர்வர்ல இருக்கு. அந்தக் கர்ச்சீப்பைப் பத்திரமா டைரியில எழுதி வெச்சிருக்கிற ஆட்கள் எனக்கே நாலு பேரைத் தெரியும்.

ஆபீஸ் தொகுப்பு இன்னும் மோசம். ஆபீஸ் 2010 வரைக்கும் முழுச் சாவியைப் பொட்டியிலேர்ந்து மீட்கலாம். 2013லேர்ந்து கடைசி அஞ்சு எழுத்துதான் பொட்டியில இருக்கும். மீதி இருபதை நீங்க தொலைச்சிருந்தா தொலைச்சதுதான். பாதுகாப்புன்னு பார்த்தா நல்லதுன்னு சொல்லலாம், நான் ஒத்துக்கறேன். ஆனா அதே ஆபீஸ் 2013ஐ வெளியிட்டப்ப, ஒரு பொட்டியில போட்டா அந்தப் பொட்டியோடயே செத்துடணும், வேற பொட்டிக்கு மாத்தவே கூடாதுன்னு விதி போட்டாங்க. ஜனங்க கத்தின கத்துல 2013 மார்ச்ல அந்த விதியை மாத்திக்கிட்டாங்க. கத்தினா நடக்குதுங்கறதுக்கு இது ஒரு சாட்சி.

சாவியைச் சர்வர் கையில கொடுத்துட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு 2007 ஆகஸ்ட் கடைசியில ஒரு உதாரணம் கிடைச்சது. மைக்ரோசாஃப்ட்டோட சரிபார்ப்பு சர்வர்ல கோளாறு. சுமார் 19 மணி நேரம், ஒழுங்கா காசு கட்டின பொட்டிகளையெல்லாம் 'நீ போலி'ன்னு முத்திரை குத்துச்சு. கிட்டத்தட்ட 12,000 பொட்டிகள்னு அவங்களே சொன்னாங்க. 2018 நவம்பர்ல இன்னொரு தடவை, விண்டோஸ் 10 ப்ரோ வெச்சிருந்தவங்ககிட்ட 'உன்கிட்ட இருக்கிறது ஹோம் லைசென்ஸ்தான்'னு சாதிச்சுது. ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த ரெண்டு நாள்லயும் உண்மையான சாவியைக் கையில வெச்சிருந்தவனால ஒண்ணும் பண்ண முடியலை, காத்திருக்கறதைத் தவிர.

சர்வரே போயிடுச்சுன்னா? அடோபி சிஎஸ் 2 ஞாபகம் இருக்கா? அதோட ஆக்டிவேஷன் சர்வரை மூடினப்ப, 2013 ஜனவரியில, ஆக்டிவேஷன் தேவைப்படாத ஒரு பதிப்பையும் அதுக்கான சீரியல் எண்ணையும் தங்க தளத்துலேயே போட்டாங்க. 'ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு மட்டும்'னு சொல்லிப் பார்த்தாங்க, ஊரே அள்ளிக்கிட்டுப் போனது வேற கதை. :-) ஆனா முறைன்னா அது முறை. பூட்டுக் கடையை மூடறவன் பூட்டைக் கழட்டிட்டுப் போகணும். மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பர்ல என்ன பண்ணாங்க? அது வரைக்கும் விண்டோஸ் 7, 8 சாவியைப் போட்டாலே 10ம் 11ம் ஏத்துக்கும். இலவச மேம்படுத்தலுக்கு 2016 ஜூலை 29தான் கெடு, அதுக்கப்புறம் ஏழு வருஷம் கண்டும் காணாம விட்டதுக்கு நன்றி சொல்லணும்தான். அதை மூடிட்டாங்க. ஏற்கெனவே ஏத்தினவங்களுக்குப் பாதிப்பில்ல. ஆனா பீரோவுல பட்டுப்புடவைக்கு நடுவுல விண்டோஸ் 7 ரீடெயில் டப்பாவைப் பத்திரப்படுத்தி வெச்சிருந்தவங்க சாவி இனி விண்டோஸ் 7ஐ மட்டும்தான் திறக்கும். அந்த 7க்கு 2020 ஜனவரி 14லேயே ஆதரவு முடிஞ்சாச்சு.

வித்துட்டுப் போற உரிமையைப் பத்தி நீதிமன்றங்களே ஆளுக்கொரு பக்கம் பேசுது. 2010ல அமெரிக்காவுல டிமோதி வெர்னர்ங்கறவர் பழைய ஆட்டோகேட் டிஸ்க்குகளை ஈபேயில வித்த வழக்குல, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டோடெஸ்க் பக்கம் சாய்ஞ்சுது. நீ வாங்கினது பொருள் இல்ல, அனுமதிதான், விக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. 2012 ஜூலை 3ல ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் கம்பெனிக்கு எதிரா யூஸ்டுசாஃப்ட் வழக்குல, காலவரை இல்லாம வித்த லைசென்ஸை மறுபடி விக்கலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒரே ஒரு நிபந்தனை. விக்கிறவன் தன் பொட்டியில இருக்கிற பிரதியை வேலை செய்யாதபடி ஆக்கிடணும். அதாவது சாவியைக் கழட்டணும். அந்தத் தீர்ப்பைப் படிச்சப்ப எனக்குத் தோணினது இதுதான்: கழட்டினதுக்கு எப்படி அத்தாட்சி காட்டறது? டாலி மாதிரி சரண்டர் பட்டன் இருந்தா அதுவே ரசீது. இல்லாத வரைக்கும் வாங்கறவன் விக்கறவனை நம்பணும், விக்கறவன் தன் மனசாட்சியை நம்பணும்.

அதனால, பொட்டியைக் கை மாத்தறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். கம்பெனி லேப்டாப்போட வந்த விண்டோஸ்னா சாவியைக் கழட்ட முயற்சி பண்ணாதீங்க. அது அந்தப் பொட்டியோட சொத்து, வாங்கறவருக்குத்தான் சேரணும். தனியா வாங்கின ரீடெயில் சாவின்னா முதல்ல அது உங்க கையில முழுசா இருக்கான்னு பாருங்க, மைக்ரோசாஃப்ட் கணக்குல இணைச்சிருக்கான்னு பாருங்க, அப்புறம் கழட்டுங்க. கழட்டிட்டுத் தேடாதீங்க. டாலி இருந்தா சரண்டர், பழைய அடோபி இருந்தா டீஆக்டிவேட், ரெண்டுமே பொட்டி உயிரோட இருக்கும்போதே. கீ ஃபைண்டர்னு தேடி முதல்ல வர்ற விளம்பரத்தைக் க்ளிக் பண்ணாதீங்க, சாவியைக் கண்டுபிடிக்கிற சாக்குல சாவியை அடிச்சுக்கிட்டுப் போறவனும் அதே வரிசையில நிப்பான்.

ஹெட்மாஸ்டர் சார் இப்ப என்ன பண்றார்னா, லேப்டாப் பில்லை லேமினேட் பண்ணி வெச்சிருக்கார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அழகான கையெழுத்துல: 'விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்வேஜ். ப்ரோ வேண்டாம்.' யார் ரிப்பேருக்கு வந்தாலும் முதல்ல அதைத்தான் நீட்டறார்.